ஆலாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி

எண்பதுகளில் நான் ஆளில்லாத தீவுகளில் கூடாரமடித்துக் கடற்பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். வாரக்கணக்கில் மனிதக் குரல் கேட்காது. தனிமை பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

ஒரு புயலுக்குப் பிறகு விடுப்பில், கடலுக்கு வெகுதொலைவிலிருக்கும் என் ஊரான அரூருக்கு வந்திருந்தேன். பக்கத்துக் கிராமத்தில் ஆரோக்கியமேரி என்பவரின் வாசலில் விநோதமான பறவையொன்று விழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். அது ஆலா. ஆண்டுக்கணக்கில் தரையில் கால் வைக்காமல் கடல்மேலேயே பறந்து திரிந்து, முட்டையிட மட்டும் தீவுகளில் இறங்கும் இனம். புயல்தான் இவ்வளவு தூரம் அடித்து வந்திருக்க வேண்டும். நான் போவதற்குள் அது செத்துப்போயிருந்தது.

"தனியா இருந்தா ஏங்கிப்போயிடும்னு கோழிங்களோட உட்டேங்க. கம்பு போட்டேன், தொடவே இல்ல," என்றார் ஆரோக்கியமேரி.

தீவைப் பற்றியெல்லாம் சொல்லி, பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்க உடலைக் கேட்டேன்.

"எடுத்துக்கங்க சார். ஆனா இன்னிக்குக் கல்லறைத் திருநாளு. ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு எடுத்துட்டுப் போங்க."

பறவையின் பக்கத்தில் மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றிவிட்டுத் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே ஏத்துங்கம்மா," என்றேன்.

"அந்தத் தீவுல உங்களுக்குத் துணைக்கு யாருங்க?"

"இந்தப் பறவைங்கதான்."

"அப்ப நீங்கதான் ஏத்தணும். செத்தவங்களுக்கு ஒறவுக்காரங்கதான ஏத்துவாங்க."

எத்தனையோ பறவைகளை அறுத்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டிய கை இது. அன்று ஒரு தீக்குச்சியைக் கிழிக்க அதற்கு வெகுநேரம் பிடித்தது.