அம்மா நடத்திய துட்டி வகுப்பு

எங்கள் அக்கா செத்துப்போன அன்று எங்கள் வீட்டில் சாம்பார் வைத்தோம்.

செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீடு செத்த வீடே இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருவாதவூருக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள் என்று, பஸ்ஸில் வந்த ஒருவர் அப்பாவின் சைக்கிள் கடை வாசலில் நின்று சொன்னார். அப்பா அப்போது பங்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்து, டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"இந்த வீட்ல யாரும் சாகல. யாரும் அழுகக் கூடாது."

அவ்வளவுதான். அம்மா பருப்பை வேகப் போட்டாள்.

எங்கள் பக்கத்து நாலு தெருவிலும் யார் செத்தாலும் முதலில் ஆள் விடுவது எங்கள் அம்மாவுக்குத்தான். அவள் போய் உட்கார்ந்து ராகம் எடுத்தால், செத்தவருக்குப் பிடிக்காத மருமகள்கூடக் கரைந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அக்கா செத்த பிறகு எந்தச் சாவு வீட்டுக்கும் போகவில்லை. அடுத்த வீட்டுப் பிணத்தைச் சாக்காக வைத்து நம் வீட்டுப் பிணத்துக்கு அழுதுவிடுவாள் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் அதற்கும் தடை. ஆறு மாதமாக அம்மா முகம் இறுக்கி மூடிய டப்பா மாதிரி இருந்தது.

நான் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுவேன். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். அதற்குள் அழுது, நாலு குடமும் பிடித்தாக வேண்டும். அக்கா எனக்குத் தலை பின்னினால் புருவம் மேலே ஏறிக்கொள்ளும், அவ்வளவு இறுக்கம். எனக்குப் பதினெட்டு வயது, இன்னும் எனக்கு ஒழுங்காகப் பின்ன வராது. குழாயடியில் கோணல் சடையோடு நின்று அழுவதைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வராது, சிரிப்புத்தான் வரும்.

அந்தச் சமயத்தில்தான் கென்யா அண்ணன் எங்கள் கடைக்கு வாடகை சைக்கிள் எடுக்க வந்தார்.

கென்யாவிலிருந்து மதுரைக்கு வந்து, ஒரு கல்லூரியில் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தார். எங்கள் கடையின் மிகப் பெரிய சைக்கிளில் ஏறினாலும் அவர் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். தமிழை எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார். கடையில் எல்லோரும் எல்லோரையும் மாப்ள என்று கூப்பிட்டதால், அதுதான் மரியாதைச் சொல் என்று நினைத்து, தன் புரொபசரையும் வகுப்பில் மாப்ள என்று கூப்பிட்டிருக்கிறார். புரொபசர் தனியாகக் கூப்பிட்டு விளக்கம் சொன்னாராம். இவர் கடைசியில், "சரி மாப்ள" என்றாராம்.

அடுத்த தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரர் இறந்துபோனார். சாவு வீடு எப்படி இருக்கும் என்று பழகுவதற்காக அந்தக் கல்லூரியிலிருந்து கென்யா அண்ணனும் அவரோடு படிக்கிற பதினோரு பேரும் கையில் கேள்வித்தாளோடு துட்டி விசாரிக்க வந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த அம்மாளிடம் ஒரு பையன் குனிந்து, தற்போது உங்கள் மனநிலை எவ்வாறு உள்ளது என்று கேட்டான். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். அதோடு விட்டார்களா, கிளம்பும்போது பதினோரு பேரும் ஒரே குரலில் "போயிட்டு வாரோம்" என்றார்கள்.

சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம் ஆகிவிடும். சத்தம் காட்டாமல் எழுந்து போய்விட வேண்டும். அங்கிருந்த ஒரு அத்தை கேட்டாள், "அடுத்து யாருன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போறீகளா தம்பிகளா?"

கென்யா அண்ணன் அன்று சாயங்காலம் கடை பெஞ்சில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். டீ கொண்டுபோன என்னிடம் சொன்னார்.

"எங்க ஊர்லயும் இதே கூத்துதான் தங்கச்சி. வெள்ளக்காரன் எழுதுன புத்தகத்தப் படிச்சிட்டு வந்து, எங்க ஆளே எங்க சனத்துக்கிட்ட நாற்காலியப் போட்டுக் கேள்வி கேக்குறான். எங்க சனம் எப்படி அழுகும், எப்படிக் கூடும்னு அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. நான் ஊருக்குப் போயி அதத்தான் சொல்லிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி இங்க ஒரு வகுப்பு நடத்திப் பாக்கணும்."

எனக்கு அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது. கொஞ்சமும் யோசிக்காமல், எங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அழச் சொல்லிக் கொடுக்கப் போனால் எப்படியும் அழுதுதானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு. ஆறாவதோடு நின்றவள் போட்ட கணக்கு.

நாலு நாளில் கல்லூரியிலிருந்து டைப் அடித்த கடிதம் வந்தது. கீழே வட்டமான சீல். அம்மா பெயருக்கு முன்னால் பயிற்சியாளர் என்று போட்டிருந்தது. அப்பாவுக்குச் சீல் வைத்த காகிதம் என்றால் தனி மரியாதை. படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். அப்புறம் அம்மாவைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"சொல்லிக் குடு. அழுது காட்ட வேண்டாம்."

"அழுகாமயே சொல்லித் தாரேன்" என்றாள் அம்மா. என் கணக்கு அங்கேயே படுத்துவிட்டது.

வகுப்பு ரோட்டை ஒட்டிய ஒரு ஹாலில். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, அம்மா தரையில் உட்கார்ந்தாள். ஏழு பையன்கள், நாலு பெண்கள். பின்னால் புரொபசர் நாற்காலியில்.

பிணம் இல்லாமல் எப்படி என்று அம்மா கேட்டாள். கென்யா அண்ணன் தானே இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அதில் படுத்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே நின்றது. மூன்றாவது பெஞ்சு போட்டோம். அம்மா அவர் கால் கட்டைவிரல் இரண்டையும் கைக்குட்டையால் சேர்த்துக் கட்டினாள். கூச்சத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"பொணம் சிரிக்கக் கூடாது" என்றாள் அம்மா.

பிறகு முறையைச் சொன்னாள். சாவு வீட்டில் வாங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எதிர்பார்க்காதே. பெண்கள் நேராக உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அழுத பிறகுதான் யாரு, என்ன வயசு, என்ன நோவு என்று கேட்க வேண்டும். ஆண்கள் வாசலில் நின்று வரிசையாகக் கை நீட்ட வேண்டும், செத்தவருக்கு உரியவர் ஒவ்வொரு கையாகத் தொடுவார். நீட்டிய கையைத் தொடாமல் விடக் கூடாது. இருபது வருடம் பேசாத பங்காளி நீட்டினாலும் தொட்டே ஆக வேண்டும். செத்த வீட்டில் அடுப்பு எரியாது, சாப்பாடு வெளியே இருந்துதான் வர வேண்டும். இதைச் சொல்லும்போது அம்மா கொஞ்சம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தாள். எங்கள் சாம்பார் ஞாபகம் வந்திருக்கும்.

எத்தனை நிமிடம் அழ வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். மூக்குச் சிந்துகிற வரைக்கும் என்றாள். அவன் அதை அப்படியே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டான். ஒரு சௌராஷ்டிரப் பெண், எங்கள் வீட்டில் வேறு பாஷை, எந்தப் பாஷையில் அழுவது என்று கேட்டாள். "வீட்ல எதுல சண்ட போடுவியோ அதுல அழுகு" என்றாள் அம்மா. புரொபசர் அதற்குத்தான் முதல் தடவையாகப் பேனாவைத் திறந்தார்.

ஒப்பாரிக்கு வந்தோம். அம்மா கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது மாதிரி வாசித்தாள்.

"ஏழு கடல் தாண்டி வந்த ஏழடி ராசாவே, பெஞ்சும் பத்தலையே, பெத்தவளும் பக்கத்துல இல்லையே."

பதினோரு பேரும் அதை வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொன்னார்கள். பிணத்தின் வயிறு குலுங்கியது. நாலைந்து தடவை சொன்ன பிறகு அந்த சௌராஷ்டிரப் பெண்ணுக்கு எப்படியோ ராகம் பிடிபட்டது. அவளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் ஏறினார்கள். பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. ஹால் ஓடு அதிர்ந்தது.

ரோட்டில் போகிறவர்களுக்கு இது வகுப்பு என்று எப்படித் தெரியும்? அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து காய் கொண்டுவந்து விற்றுவிட்டு பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் ஏழெட்டுப் பேர், காலிக் கூடைகளை வாசலில் கவிழ்த்துவிட்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கேள்வி இல்லை. எதிர் டீக்கடை ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். அம்மா சொல்லிக் கொடுத்த முறையில் ஒரு பிசகு இல்லை. புரொபசர் எழுந்து ஏதோ சொல்லப் போனார். அவரைச் சொந்தக்காரர் என்று நினைத்து ஒருவர் தோளில் தட்டி உட்கார வைத்தார்.

கூடைக்காரிகளில் ஒரு பெரிய அம்மாள் எங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் கத்தரிக்காய் வாசனை அடித்தது. அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் விடாமல் முதுகைத் தடவி அழுதுவிட்டு, முறைப்படி, கடைசியில் கேட்டாள்.

"என்ன வயசு தாயி?"

அம்மா பெஞ்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இருவத்தி நாலு" என்றாள். "மூத்தவ."

அந்த அம்மாள் பெஞ்சில் கிடந்த நீளமான ஆம்பளைக் கால்களைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அம்மா ராகம் எடுத்தாள்.

"பஸ்ஸு ஏறிப் போனவளே, படியெறங்கி வரலையே. ஒத்தக் கடுதாசி வருமுன்னு ஓயாமப் பாத்தேனே."

எல்லா மாணவர்களும் வாயை மூடிவிட்டார்கள். நான் குழாய்த் தண்ணீர் இல்லாமல் முதல் தடவையாக அழுதேன். பிணம் கண்ணை மூடியபடியே அழுதது. கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போனது. கை தூக்கித் துடைத்தால் ரோட்டிலிருந்து வந்தவர்கள் பயந்து ஓடுவார்களே என்று அவர் அசையாமல் கிடந்திருக்கிறார்.

நாலு மணிக்கு எங்களைக் கூட்டிப்போக வருகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். பயிற்சியாளரின் புருஷன் என்பதால் வெள்ளைவேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. வாசலுக்கு வந்தவர் அம்மா குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். முகம் சிவந்தது. உள்ளே வந்து அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

டீக்கடைக்காரர் என்னிடம் தலையை ஆட்டி, உரியவர் யார் என்று கேட்டார். நான் அப்பாவைக் காட்டிவிட்டேன்.

"அவருதான் அப்பா."

டீக்கடைக்காரர் இரண்டு கையையும் சேர்த்து அப்பாவுக்கு முன்னால் நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். கொதிக்கிற பால் சட்டியைத் தொடச் சொன்ன மாதிரிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கை கீழே இறங்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

அப்பா தொட்டார்.

அடுத்த கை வந்தது. அதற்கடுத்த கை. டீக்கடை ஆண்கள் முடிந்து, ஏழு பையன்களும் படித்தபடி முறையாக நீட்டினார்கள். புரொபசர் நீட்டினார். கடைசியில் பிணமும் எழுந்து, கட்டைவிரலில் கட்டியதை அவிழ்க்க மறந்து, தத்தித் தத்தி வந்து கை நீட்டியது. கூடைக்காரிகளில் இரண்டு பேர் வாசல் தாண்டி ஓடிவிட்டார்கள். அப்பா அந்தக் கையைத் தொட்டார், விடவே இல்லை. கென்யா அண்ணன் நிற்க முடியாமல் ஆடிக்கொண்டே நின்றார்.

பதினோரு பேரும் அன்று வாயைத் திறக்காமல் எழுந்து போனார்கள். ஒருவர்கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா அடுப்புப் பக்கம் போனாள். அப்பா, வேண்டாம் என்கிற மாதிரி கையை மட்டும் காட்டினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி. ஒரு பையன் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். பிறகு இன்னொருவன். பிறகு அந்த சௌராஷ்டிரப் பெண். யார் கொண்டுபோவது என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை போல. மூன்று பேருக்குப் பதினோரு பொட்டலம். ஆறு எலுமிச்சை சாதம், நாலு புளிசாதம், ஒரு சாம்பார் சாதம்.

அப்பா சாம்பார் சாதத்தைப் பிரித்தார். பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பார்த்தார்.

"மூத்தவளுக்குச் சாம்பாரே ஆகாது" என்றார்.

அம்மா புளிசாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முருங்கக்கா போட்டாத் திம்பா."

"திங்க மாட்டா. சக்கய எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பா."

"நீங்க கண்டீகளாக்கும்."

"கண்டேன்" என்றார் அப்பா.