கால்மெத்தை

ரம்பச் சங்கிலி மாடக்கண்ணுவின் இடது தொடையில் ஏறி, ஒரு தடவை உறுமி, நின்றுவிட்டது.

புளியமரம் அதற்கு முன்பே சாலைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. கிளை கழிக்கும்போதுதான் மோட்டார் ரம்பம் துள்ளியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த தேவபிரசாதம் அதைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அசையாம நில்லும்வே."

ரம்பத்தின் பல் முழுவதும் தேங்காய் நார் சுற்றியிருந்தது. தேவபிரசாதம் அதை இழுத்து இழுத்து விடுவித்தான். மாடக்கண்ணுவின் இரண்டு கால்களிலும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தடித்த மெத்தை கட்டியிருந்தது. இடது மெத்தையில் மேல்துணி ஒரு சாண் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தான் மாடக்கண்ணு.

"நனஞ்சிருக்கா?"

"வேர்வதான்."

தேவபிரசாதம் கையில் ஒட்டியிருந்த நாரை உதறினான். பிறகு, "பிள்ளத்தாச்சி மாதிரி நடக்காருன்னு சிரிச்சோம்லா வே" என்றான்.

"சிரிக்கதச் சிரியும். கயத்த மட்டும் இறுக்கிப் பிடியும்."

சொன்னபோது குரல் சரியாகத்தான் இருந்தது. கால் நிற்கவில்லை. தேவபிரசாதம் அவனைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டுபோய்ச் சாலையோரம் உட்காரவைத்தான். மாடக்கண்ணு இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எண்ணெய்க் கறையும் அழுக்குமாகக் கால்கள் உரல் போலத் தெரிந்தன.

மரத்துக்கு அந்தப் பக்கம் திருச்செந்தூர் பஸ் நின்றிருந்தது. வழி கிடைக்கும்வரை காற்று வாங்க ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மரத்தைப் பார்க்காமல் மாடக்கண்ணுவின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவனைத் தாங்கி நடத்தி வந்ததையும் பார்த்திருந்தார். ஆத்தூர்க்காரர். மாடக்கண்ணுவின் மகள் பிச்சம்மாளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருமுறை வந்தவர்தான். மாடக்கண்ணுவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப்போய்ப் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார்.

மாடக்கண்ணுவுக்கு ஊர் மாப்பிள்ளையூரணி. கோடரி பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து மரவேலைதான். உடைமரம் வெட்டி விறகுக் கடைகளுக்குப் போட்டான். தோணி கட்டுகிறவர்களுக்கு வாகை பார்த்துக் கொடுத்தான். துறைமுகம் புதிதாக வந்தபின் சாலைகளை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். எழுபத்தைந்தில் திருச்செந்தூர்ச் சாலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் எங்கிருந்தோ மோட்டார் ரம்பம் ஒன்று வாங்கி வந்தார். இரண்டு பேருக்குத்தான் அதை ஓட்டப் பழக்கினார். ஒருவன் மாடக்கண்ணு, இன்னொருவன் மந்திரமூர்த்தி. பெட்டியின் மேல் ஒரு படம் இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் கனத்த கால் உறை மாட்டி, தலையில் தொப்பியோடு ரம்பத்தைப் பிடித்து நின்றான். உறை பெட்டிக்குள் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இருவரும் வேலை செய்தார்கள்.

மந்திரமூர்த்திக்கும் இப்படித்தான் துள்ளியது. உப்பு லாரி ஒன்றை மறித்து மூட்டைகளின் மேல் கிடத்தினார்கள். பழையகாயல் வருமுன் உயிர் போய்விட்டது.

அந்த வாரமே மாடக்கண்ணு கடற்கரைக்குப் போய் வளனைப் பார்த்தான். வளன் தோணிகளுக்குப் பாய் தைக்கிறவன்.

"காலுக்கு மெத்தையா?" என்றான் வளன். "கட்டிலுக்குத் தச்சிருக்கேன். காலுக்குக் கேட்டது நீருதான்."

"நான் அவன் தொடைய ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிருந்தேன். எடுத்தாப் போயிரும்னு எடுக்கவேயில்ல. எடுக்காமயும் போயிட்டான்."

வளன் ஊசியைக் கீழே வைத்தான்.

பழைய பாய்த்துணியை எட்டு மடிப்பாக மடித்து, நடுவில் நாரை அடித்துத் திணித்துத் தைத்துக் கொடுத்தான். மாடக்கண்ணு அதை ஒரு வாழைத்தண்டில் சுற்றி ரம்பத்தை வைத்துப் பார்த்தான். மெத்தையும் தண்டும் ஒன்றாக அறுந்து விழுந்தன. அறுந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி போனான். இறுக்கித் திணித்ததால்தான் வெட்டுகிறது என்று இருவருக்கும் தோன்றியது. இரண்டாவது தடவை நீள நாராகப் பொறுக்கி, திணிக்காமல், தலைமுடியை வாரிப் போட்டதுபோல் தளர்வாகப் பரப்பித் தைத்தான் வளன். ரம்பம் துணியைக் கிழித்தது. நாரை உள்ளே இழுத்தது. இழுத்த நார் சங்கிலியை ஓட்டும் சக்கரத்தில் சுற்றி, சங்கிலி நின்றது. வாழைத்தண்டில் கீறல்தான் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு மெத்தை கட்டாமல் அவன் ரம்பத்தைத் தொடவில்லை. வெயிலில் உள்ளே வெந்தது. நார் குத்தியது. மாலையில் அவிழ்த்தால் தொடையும் கெண்டைக்காலும் சிவந்து தடித்திருக்கும். இப்போது புளியமரத்தடியில் கிழிந்ததை மறுநாளே வளனிடம் தைத்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஆனி மாதம் வெற்றிலை மாற்றுவதாக இருந்தது. ஆத்தூரிலிருந்து ஆள் வந்து, இப்போது அவசரமில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். காரணம் சொல்லவில்லை. மாடக்கண்ணுவின் மனைவி பேச்சித்தாய் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்காமல் போனான்.

காரணத்தைத் தேவபிரசாதம்தான் கொண்டுவந்தான். ஆத்தூர் டீக்கடையில் கேட்டது.

"சொல்லவா வேண்டாமான்னு இருக்குவே."

"சொல்லும்."

"உமக்கு யானைக்காலாம். ரெண்டு காலும். ஒண்ணு புண்ணாகி வெடிச்சிட்டாம். பஸ்ஸுல போனவுக பாத்திருக்காவ. குடும்பத்துல இருந்தா பிள்ளையளுக்கும் வரும்னு பேசிக்கிடுதாவ."

மாடக்கண்ணு பீடியைப் பற்றவைத்தான். தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வேப்பலோடையில் ஒரு வீட்டுச் சம்பந்தத்தை அவனே அப்படித்தான் தட்டிக்கழித்திருந்தான். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு ஒரு கால் வீங்கியிருந்தது. என்ன ஏதென்று அன்று யாரும் விசாரிக்கவில்லை.

இரவு விஷயத்தைச் சொன்னபோது பேச்சித்தாய் அழவில்லை.

"பிள்ளைக்கு இது மூணாவது எடம்" என்றாள். "இதுவும் போச்சுன்னா, ஏன் போச்சுன்னு கேட்டுத்தான் அடுத்தவன் வருவான்."

"நான் போய்ப் பேசிட்டு வாரேன்."

"என்னன்னு பேசுவிய? அவுக யானைக்கால்னு உங்ககிட்டச் சொன்னாவளா? சொல்லாததுக்குப் பதில் சொல்லப் போறியளோ? இல்ல சம்மந்தி வீட்டுல நின்னு வேட்டியத் தூக்கிக் காட்டுவியளோ?"

அவள் சொன்னது சரி. மரியாதையான இடத்தில் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். பெண்ணைப் பெற்றவன் கணுக்கால் தெரியக்கூட நிற்கமாட்டான். முழங்கால் தெரிய நின்றால் வேண்டுமென்றே அவமதித்ததாகும். மூடிக்கொண்டு போனால் மூடிக்கொண்டு வந்தான் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல், வெளுத்த வேட்டி உடுத்தி, ஆத்தூருக்குப் போனான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வயல்வழியாக நடந்தான். கார் நெல் நடவுக்கு உழுது தண்ணீர் கட்டியிருந்தார்கள். வரப்பு காய்ந்து நன்றாகத்தான் இருந்தது. வீடு தெரியும் தூரத்தில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினான். முழங்கால்வரை புதைந்தது. அப்படியே நடந்து போய் வாசலில் நின்றான்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சிவனணைந்தபெருமாள் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. என்ன இது, இப்படிச் சேத்தோட?"

"வரப்புல கால் தவறிட்டு. கொஞ்சம் தண்ணி வேணும்."

அவர் மனைவி அருணாசலவடிவு ஒரு குடம் தண்ணீரும் செம்பும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

மாடக்கண்ணு இடது காலை முதலில் கழுவினான். தண்ணீர் ஊற்றி, முழங்காலிலிருந்து கீழே வழித்துவிட்டான். சேறு இறங்கியது. மெலிந்த கால். கெண்டைச் சதை கட்டையாக நின்றது. பிறகு வலது கால். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தான். மாடு வைக்கோலை இழுக்கும் சத்தம் கேட்டது.

சேறு போனதும் தோலில் சிவப்புத் தெரிந்தது. அருணாசலவடிவு குனியாமலே அதைப் பார்த்தாள்.

"அது என்ன?"

"வேர்க்குரு. நார் குத்தினது. மெத்த கட்டுதோம்லா, அதுக்குள்ள காத்துப் போவாது."

"என்ன மெத்த?" என்றார் சிவனணைந்தபெருமாள்.

மாடக்கண்ணு சொன்னான். ரம்பத்தைப் பற்றிச் சொன்னான், பாய்த்துணி, நார், வாழைத்தண்டு. மந்திரமூர்த்தியைப் பற்றிச் சொல்லும்போது செம்பை மடியில் வைத்துக்கொண்டான். புளியமரத்தடியில் சங்கிலி நின்றதையும் சொன்னான்.

"அது இல்லாட்டா?" என்று கேட்டாள் அருணாசலவடிவு.

"இன்னைக்கு நான் வந்திருக்க மாட்டேன்."

அவள் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து குடித்தான். வேட்டியை இறக்கிவிட்டிருந்தான். நனைந்த கரை காலில் ஒட்டியது.

சிவனணைந்தபெருமாள் வெகுநேரம் வைக்கோல் துரும்பு ஒன்றைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குத் தெரிஞ்சிட்டு" என்றார். "மனசுல ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் பஸ்ஸுல எங்க மச்சினன் மட்டும் வரல. இந்தத் தெருவுல ஆளாளுக்குப் பேசுதான். நான் ஒவ்வொருத்தன் வீடாப் போயிச் சொல்ல முடியுமா? சொன்னாலும், சம்மந்திக்காகச் சொல்லுதான்பான்."

"ஆமா."

"வேல இப்ப எங்க ஊருக்குப் பக்கத்துலதான நடக்கு. கல்யாணம் முடியுத வரைக்கும் அதக் கட்டாம நில்லுங்க. வெறுங்கால எல்லாரும் பாக்கட்டும். பேச்சு தானா அடங்கிரும்."

மாடக்கண்ணு தம்ளரைக் கீழே வைத்தான்.

"கல்யாணத்த ஆனிலயே முடிச்சிரலாமா?"

"எங்க முடியும்? ஆனில இன்னும் பத்து நாள்தான் கெடக்கு. ஆடில செய்ய மாட்டோம். ஆவணிதான்."

"கோடரிய வச்சுப் பாக்கலாம். காண்டிராக்டர் சம்மதிக்க மாட்டாரு."

"அது உங்க தொழிலு. நான் என்ன சொல்ல?" அவர் குரலில் கடுமை இல்லை. "ஜாக்கிரதையா செய்யுங்க. இத்தன வருசம் செஞ்சியளே."

அருணாசலவடிவு கதவருகில் நின்றாள். உள்ளே யாரோ, மாப்பிள்ளையாக இருக்கலாம், சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல பையன் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

மாடக்கண்ணு தன் முழங்கால்களின் மேல் கைகளை வைத்தான்.

"சரி" என்றான்.

"அப்ப வார வெள்ளிக்கிழம வெத்தல மாத்திக்கிடுவோம்."

"சரி."

பஸ் நிறுத்தம்வரை சிவனணைந்தபெருமாள் கூடவே வந்தார். தெருவழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். எதிரே வந்தவர்களிடம் சம்பந்தி என்று சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. மாடக்கண்ணு விடிந்ததும் வேலைக்குப் போனான். மெத்தை வீட்டில் கொடியில் கிடந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி ரம்பத்தை எடுத்தான். தேவபிரசாதம் பார்த்துவிட்டு, "என்னவே?" என்றான். "ஆவணி வரைக்கும்" என்றான் மாடக்கண்ணு. தேவபிரசாதம் கயிற்றை எடுத்து இறுக்கிப் பிடித்தான். மதியத்துக்குள் ஒரு மருதும் ஒரு வேம்பும் சாய்ந்தன. கிளை கழிக்க வழக்கத்தைவிட நேரமானது. ஒப்பந்தக்காரர் வந்து ஏன் மெதுவாக நடக்கிறது என்று கேட்டார். சங்கிலி மழுங்கிவிட்டது என்று சொன்னார்கள். திருச்செந்தூர் பஸ் நிற்காமல் போனது. ஜன்னலோரம் இருந்த இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் வாய்க்காலில் கால் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தான். பேச்சித்தாய் வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் யாரிடம் சொல்வது என்று கேட்டாள். பிச்சம்மாள் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆறுமுகநேரிவரை இனி வெட்டவேண்டிய மரங்களுக்கு அன்று அடையாளமாகச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள்.