பெயர் போடாத தாள்கள்

விரிவுரையாளனாகி இரண்டாம் வருடம். நான் படிப்பிப்பது மாணவருக்கு விளங்குகிறதா என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன்.

"என்ரை படிப்பித்தலிலை என்ன பிழை எண்டு எழுதுங்கோ. பேர் போடவேண்டாம்."

பெயர் இல்லையென்றால் துணிவு வரும் என்று நினைத்தேன். ஒரு பேனாவும் அசையவில்லை. இயக்கத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனால் ஏதோ ஒரு வீட்டில் ஓர் ஆள் குறைகிற காலம் அது. அதை மறந்து, அதே கடிதத்தை எழுதச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

கடைசி வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்: "சேர், ஆரைப் பற்றி?"

"என்னைப் பற்றித்தான்."

"உங்களைப் பற்றி மட்டுமோ?"

சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது.

தாள்கள் வெறுமையாகவே வந்தன. ஒன்றில் மட்டும் எழுத்து. பார்த்ததும் தெரிந்தது, இரண்டாம் வரிசைப் பெண். விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணுக்குப் பெயர் எதற்கு? 'நீங்கள் கரும்பலகையோடுதான் கதைக்கிறீர்கள். எங்களைப் பார்ப்பதில்லை. இப்போது எல்லாரும் இப்படித்தான், முகம் காட்டாமல் கதைக்கிறார்கள்.'

கொழும்புத்துறை வீட்டுக்குச் சைக்கிளில் போகையில் வழியில் துவக்கோடு காவலில் நின்ற இயக்கப் பொடியன் மறித்து என் பையைத் திறந்தான். தாள்களைப் புரட்டினான். அந்த ஒன்றில் நின்றான்.

"எல்லாரும் எண்டா ஆர், மாஸ்டர்?"

"வாத்திமாரைச் சொல்லுது, தம்பி."

"ஆரின்ரை எழுத்து?"

"தெரியாது."

"படிப்பிக்கிறவருக்குப் பிள்ளையளின்ரை எழுத்துத் தெரியாதே? நல்ல வாத்தி!"

சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தத் தாளை மட்டும் நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நீங்கள் போங்கோ."

போனேன். கால் மிதித்தது, நான் மிதிக்கவில்லை. சனியும் ஞாயிறும் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அவள் வீட்டுக்குப் போய் எச்சரிக்கலாம். ஆனால் யாராவது என் பின்னால் வந்தால்? என் சைக்கிள் நிற்கும் வாசற்படலையே அவள் பெயரைச் சொல்லிவிடும். போகவில்லை. அது புத்தியா, கோழைத்தனமா? இன்றைக்கும் இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

திங்கள் அவள் வந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் நடந்ததைச் சொன்னேன். கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வகுப்பிலையே கிழிச்சிருக்கலாமே, சேர்?"

"கிழிக்க மனம் வரேல்லை. அது ஒண்டுதான் உண்மையை எழுதினது."

"வாசிச்சனீங்கள்தானே?"

"ஓம்."

"இண்டைக்கும் பலகையைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்."

அதன்பின் திரும்பி நின்று படிப்பித்தேன். முகங்களைப் பார்த்தால் இல்லாத முகமும் தெரியும். அத்தனை நாளும் அதற்குத்தான் பயந்திருந்தேன் என்பது அப்போதுதான் பிடிபட்டது. மாணவர் சொன்னார்கள், சேர் இப்ப விளங்கப்படுத்துறார் என்று. அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. வருவார்கள் என்ற பயத்திலேயே, அவள் பட்டம் பெற்றுப் போகும்வரை, ஒவ்வொரு காலையும் இரண்டாம் வரிசையில் கண் தொட்ட பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.