காப்புப் போட்ட சில்லு

எங்கள் வீட்டுப் பின்சுவரில், கிணற்றடிக்குப் போகும் வழியில், ஒரு இரும்பு வளையம் ஆணியில் தொங்குகிறது. சுற்றிவர ஓட்டைகள், ஆனால் ஒரு நட்டும் இல்லை. கறுப்புப் பூச்சு உரிந்து, கடல் காற்றில் துருவேறிக் கிடக்கிறது. தட்டையாக இருக்க வேண்டிய வளையம் ஒரு பக்கம் பொரித்த அப்பளம்போல நெளிந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பழைய இரும்பு எடுக்கிறவனிடம் கொடுத்துவிடலாமே என்பார்கள். என் அக்கா, ராத்தா, பேசாமல் இருந்துவிடுவாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. உங்கள் வீட்டு இரும்பைப் போய்க் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன். அது என் மச்சான், ராத்தாவின் கணவர், தன் கையால் கெடுத்துவைத்த வளையம். அவர் மௌத்தாகி, மண்ணுக்குள் போய், இன்னும் ஒரு மாரி முழுதாகக் கழியவில்லை.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மச்சானும் அப்படித்தான் ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு பழைய ஜீப்போடும் வந்து சேர்ந்தார். இந்த வீட்டு வளவுக்குள் தன்னுடையது என்று அவர் சொல்லக்கூடியதாக இருந்தது அந்த ஜீப் மட்டும்தான். வாப்பாவின் வயல் இறக்காமத்துக்கு அப்பால், குளத்துக் கட்டைத் தாண்டிப் போகும் மண் பாதையில் இருந்தது. மாரி தொடங்கினால் அந்தப் பாதை பாதையாக இருக்காது. மச்சான் வந்த பிறகு விதைநெல்லும் பசளை உரமும் அந்த ஜீப்பில்தான் போயின, காவலுக்குப் போகும் ஆட்களும் அதில்தான் போய்வந்தார்கள். வாப்பாவுக்கு அதில் அளவில்லாத பெருமை. மருமகன் வந்து வயல் பக்கத்தில் வந்துவிட்டது என்று பள்ளிவாசலடியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உம்மா மச்சானோடு நேரே கதைத்ததே இல்லை. கோபம் ஒன்றும் கிடையாது, எங்கள் குடும்பத்துப் பழைய வழக்கம் அது. மருமகன் முன்வாசலால் வந்தால் மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட வேண்டும். சொல்ல வேண்டியதைத் திரைச்சேலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவாள், அவருக்கும் கேட்கும்படியாக. "சோறு ஆறுது எண்டு சொல்லு மகள்." ராத்தா வாயைத் திறக்கத் தேவையில்லை. மச்சான் எழுந்து கைகழுவப் போயிருப்பார். ராத்தா வீட்டில் இல்லாத நேரத்திலும் உம்மா அதே மாதிரி மகளே என்று விளித்துச் சொல்லுவாள். மாமி காற்றோடு கதைக்கிறா என்று நான் மச்சானைச் சீண்டுவேன். "காத்துக்குக் கேக்குது மச்சி" என்று மனைவியின் தங்கையான என்னிடம் சிரித்துவிட்டுப் போவார். பெரிய மரியாதைதான் இது என்று நானும் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு மாரியில் யானைத் தொல்லை கூடிவிட்டது. வாப்பா வயல் வாடிக் குடிசையிலேயே தங்கிக் காவல் இருந்தார். ஒருநாள் விடியும்போது வட்டவிதானையாரிடமிருந்து போன் வந்தது. அந்த வயற்கண்டம் முழுவதற்கும் தண்ணீர் பங்கிடுகிறவர் அவர். வாப்பாவுக்கு நெஞ்சு நோகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றார். மச்சான் சுபஹு தொழுத கையோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். சேற்றுக்குள் இறங்குமுன் டயர்களில் காற்றை இறக்குவது அவர் வழக்கம். காற்றுக் குறைந்தால் டயர் அகலமாகப் பரந்து சேற்றின்மேல் மிதந்து போகும். நிறையக் காற்றோடு போனால் புதைந்துவிடும். ஆனால் இதில் ஒரு கேடும் உண்டு. காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் இழுபட்டால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வாப்பாவை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், வாய்க்கால் ஓரத்து வளைவில், முன்சக்கரச் சில்லின் டயர் அப்படித்தான் கழன்றது. ஜீப் அச்சுவரை சேற்றில் குந்திவிட்டது.

கூட வந்த வட்டவிதானையார் உழவு இயந்திரம் தேடி ஓடினார். அவர் அதைக் கொண்டுவந்து சேர்ந்தபோது வாப்பாவின் தலை மச்சானின் மடியில் இருந்தது. மச்சான் குனிந்து, வாப்பாவின் காதோடு வாயை வைத்து, உயிர் பிரிகிறவருக்குச் சொல்லும் கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேருமுன்பே வாப்பா போய்விட்டிருந்தார். மச்சானுக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் நிறுத்த மனம் வரவில்லையா என்று வட்டவிதானையாரால் சொல்ல முடியவில்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவை அடக்கினோம்.

கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாவை உம்மா இருந்து முடித்தாள். அதன் பிறகும் முன்போலவே திரைச்சேலைக்குப் பின்னால் நின்றாள், முன்போலவே மகளிடம் சொன்னாள். சோறு ஆறியது, தேத்தண்ணி வைத்திருந்தது. ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. மச்சானைத் தின்றது அதுதான். வாய் திறந்து ஏசுகிற மாமி என்றால் அவருக்குத் தன் இடம் தெரிந்திருக்கும். எப்போதுமே கதைக்காத மாமி கதைக்காமல் இருந்தால் அதை என்னவென்று எடுப்பது? மாமி என்ன சொன்னா என்று ராத்தாவைக் கேட்டுக் கேட்டு அவளையும் அழவைத்தார். உம்மா அந்த ஜீப்பில் ஏறுவதையும் விட்டுவிட்டாள். முழங்கால் நோகிறது, படி உயரம் என்று ஓட்டோவில் போவாள். முழங்கால் உண்மையாகவே நொந்ததும் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் மச்சான் கிணற்றடியில் நின்று, யாரிடமோ சொல்வதுபோல என்னிடம் சொன்னார்: "தோள்ல தூக்கிக்கிட்டு நடந்திருக்கணும் மச்சி. நான் மடியில வெச்சிக்கிட்டு இருந்துட்டன்." நான் நேரே உம்மாவிடம் போய், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுங்களேன் என்று சத்தம் போட்டேன். போய் வேலையைப் பார் புள்ள என்றாள்.

அடுத்த மாரி வருமுன் மச்சான் அந்தச் சில்லுகளைச் செய்யத் தொடங்கினார். பீட்லொக் என்று பெயராம். போனில் எங்கோ பாலைவனத்தில் ஓடும் ஜீப்புகளைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். சாதாரண சில்லில் டயரின் ஓரத்தை ரிம்மோடு அழுத்தி வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுத்தான். இதிலோ ரிம்மின் வெளிப்பக்கத்தில் ஒரு வளையத்தைப் பற்றவைத்து, டயரின் ஓரத்தை அதன்மேல் இருத்தி, மேலே இன்னொரு வளையத்தை வைத்துச் சுற்றிவர நட்டுப் போட்டு இறுக்கிவிடுவார்கள். இரண்டு வளையத்துக்கும் நடுவில் டயர் கடிபட்டு நிற்கும். காற்றை எவ்வளவு இறக்கினாலும் கழலாது. சம்மாந்துறையில் ஒரு வெல்டிங் கடையில் ரிம்களைக் கொடுத்துப் பற்றவைத்து, வளையங்களை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்துக் குந்தினார்.

முதல் வளையத்தைத்தான் கெடுத்தார். எந்த நல்ல காரியத்தையும் வலப்பக்கமிருந்து தொடங்கிப் பழகிய மனுஷன். பிஸ்மி சொல்லி வலப்பக்கத்து நட்டை முழு இறுக்காக இறுக்கினார், பிறகு அதற்குப் பக்கத்து நட்டு, பிறகு அடுத்தது என்று வரிசையாகச் சுற்றிவந்தார். முடிக்கும்போது வளையம் ஒரு பக்கம் எழும்பி நின்றது. டயருக்குள் ஏற்றிய காற்றெல்லாம் உஸ்ஸென்று போய்விட்டது. வெல்டிங் கடைக்காரர் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். இதை வரிசையில் இறுக்கக்கூடாது, ஒன்றை இறுக்கினால் அதற்கு நேர் எதிரே உள்ளதை இறுக்க வேண்டும், அதுவும் ஒரே தடவையில் இல்லை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல சுற்று என்றார். மச்சான் கெட்ட வளையத்தை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அந்த வேலை முடியும்வரை முற்றத்தில் நட்டுச் சாவி திருப்பும் கிரீச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரைச்சேலைக்குப் பின்னால் உம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வெயில் ஏறிட்டு, தண்ணி குடிக்கச் சொல்லு மகள்" என்றாள். அவ்வளவுதான்.

ஜீப்புக்குக் காப்புப் போட்டிருக்கிறாரு, இனிக் கலியாணம்தான் என்று தேத்தண்ணிக் கடையில் மச்சானைப் பிடித்துக்கொண்டார்கள். காப்புச் சில்லு என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. தார் ரோட்டில் அந்தச் சில்லு உதறும், வேகமாக ஓட முடியாது. புதிதாகப் போட்ட நட்டு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், திரும்ப இறுக்க வேண்டும். மச்சான் முதல் ஓட்டத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இறுக்கினார். சேற்றுக்குள் இறங்குமுன் ஒருதரம், ஏறிய பிறகு ஒருதரம், சில்லுக்குச் சில்லு குந்தி நட்டைத் தொட்டுப் பார்ப்பார். வயல் பக்கத்தில் யாருக்குப் பாம்பு கடித்தாலும், யாரை யானை அடித்தாலும், பிள்ளை பெற இருக்கிற யாருக்கு வலி எடுத்தாலும் அவருக்குத்தான் போன் வரும். சோற்றுக் கையை உதறிவிட்டு ஓடுவார். ஒருவரையும் அவர் வழியில் விடவில்லை. ஆனால் திரும்பி வந்து திரைச்சேலையைப் பார்த்தபடி உட்காருவார். யாரைக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று ராத்தாவிடம் உரக்கச் சொல்லுவார், உள்ளே கேட்கட்டும் என்று. அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

பல மாரிக்குப் பிறகு ஒருதரம் உம்மாவும் நானும் இறக்காமத்தில் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். உம்மாவின் தங்கை அவள், எங்கள் வயலோரத்தில் வீடு. இருந்தாற்போல மழை பிடித்து, குளம் நிரம்பி வான் பாய்ந்து, பாதை முழுவதும் வெள்ளம் மூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து உம்மாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. உதடு நீலம் பாரித்துப் போனது. அடுத்த வீட்டுக்காரர் உழவு இயந்திரத்தை இழுவைப் பெட்டியோடு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் தூக்கப் போனேன், உம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்ட மருமகனுக்குப் போன் எடு. அவர்ட ஜீப்புலதான் நான் போற." மூச்சுக்கு மூச்சு இழுத்து இழுத்து அதை மட்டும் சொன்னாள். செத்துப் போவீங்க உம்மா என்று நான் கத்தினேன், அழுதேன், சாச்சியும் கெஞ்சினாள். கல்லுமாதிரி இருந்தாள். வேறு வழியில்லாமல் போன் எடுத்தேன். மறுமுனையில் ஜீப்பின் கதவு அடிபடும் சத்தம்தான் கேட்டது.

வந்துவிட்டார். அந்த வெள்ளத்தில் எப்படி வந்தார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உம்மாவைப் பின்சீட்டில் என் மடியில் சாய்த்துக்கொண்டு புறப்பட்டோம். பாதை தெரியவில்லை, இரண்டு பக்கத்துக் கம்பிவேலிக் கட்டைகளை வைத்துத்தான் ஓட்டினார். டயர்கள் தொய்ந்து, அகன்று, தண்ணீருக்குக் கீழே சேற்றைத் தடவித் தடவிப் போயின. வாய்க்கால் ஓரத்து வளைவு வந்தது. அதே வளைவு. முன்சில்லு எதிலோ மோதிப் பக்கவாட்டில் இழுபட்டது, ஜீப் சரிந்தது. டயர் கழலவில்லை. மச்சான் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்து, கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு நட்டாகத் தடவினார். தடவி முடித்தும் எழும்பாமல் அப்படியே குனிந்து நின்றார். அழுகிறார் என்று விளங்கியது.

உம்மா என் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். முக்காடு நழுவியிருந்தது, அவள் அதை இழுத்துவிடவில்லை. ஜன்னலால் அவர் முகத்தை நேரே பார்த்தாள்.

"மகன், நட்டெல்லாம் சரியா இரிக்கா?"

மச்சான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஓம் மாமி" என்றார்.

"அண்டைக்கும் நீங்க அவரத் தனிய விட்டுட்டுப் போகல்ல. கலிமா கேட்டுக்கிட்டுத்தான் அவரு போனாரு. வட்டவிதானையார் எனக்கு அப்பவே சொன்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "இப்ப எடுங்க மகன், போவம்."

ஆஸ்பத்திரியில் உம்மா பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி திரைச்சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். சோறு ஆறுது எண்டு சொல்லு மகள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவரோடு நேரே கதைக்கவில்லை. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் மச்சான் மாறிவிட்டார். மாமி என்ன சொன்னா என்று யாரையும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கைகழுவினார், வயிறாரச் சாப்பிட்டார். உம்மாவும் எங்கு போவதென்றாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த ஜீப்பில்தான் ஏறினாள்.

இந்த மாரி தொடங்கச் சற்று முன்னால் மச்சான் ஒரு சிறிய நோய்வருத்தத்தில் படுத்து, எங்களை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார். ஜீப்பை இறக்காமத்து வயல்காரர்களிடம் கொடுத்துவிட்டோம், அது அவர்களுக்குத்தான் தேவை. காப்புச் சில்லோடு இன்னும் ஓடுகிறது. எங்களிடம் மிஞ்சியது சுவரில் தொங்கும் இந்தக் கெட்ட வளையம் மட்டும்தான். உம்மாவுக்கு இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. நாங்கள் யார் என்பதே சில நாட்களில் மறந்துபோகிறது. பின்விறாந்தையில் நாற்காலி போட்டு இருத்தியிருக்கிறோம், நாள் முழுவதும் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழை தொடங்கினால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறாள். முக்காடில்லை, திரைச்சேலை இல்லை, நடுவில் மகள் இல்லை. சுவரில் இருக்கும் வளையத்தைப் பார்த்து நேரே கேட்கிறாள். "மகன், நட்டெல்லாம் சரியா இரிக்கா?"

பிழையைத் திருத்தாமல் இருக்கத் தெரியாத நான்கூட அப்போது வாயை மூடிக்கொள்கிறேன். ராத்தா அடுப்படியிலிருந்து எழுந்து மழையில் இறங்கிப் போகிறாள். வெறும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, நனைந்த கையோடு திரும்பி வருகிறாள்.

"சரியா இரிக்கி உம்மா" என்கிறாள்.