கையில் கொடுக்காத கத்தி

பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஜெர்மன்காரர் தோப்புக்கரணம் போட்டார்.

பிள்ளையாருக்கு இல்லை. என் வீட்டுக்காரருக்கு!

ஆறடிக்கு மேல் உயரம். அதற்குத் தகுந்த உடம்பு. மனிதர் குனிகிறார், நிமிர்கிறார், மறுபடி குனிகிறார்... முகமெல்லாம் சிவந்துவிட்டது. எதிரே என் வீட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, 'கீழே, கீழே' என்று கண்ணாலேயே தரையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். சோபாவில் என் அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

என்னடா கூத்து இது என்கிறீர்களா? ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

பத்திரிகையில் என் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். சேது என்று பெயர். மிக்ஸியை ரிப்பேர் செய்கிறேன் பேர்வழி என்று அதில் கத்தி தீட்ட ஆரம்பித்தவர். ஒரு கம்பெனியில் டூல் ரூம் இன்ஜினீயராக நல்ல வேலையில் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் வந்து, "கௌரி, வேலையை விட்டுட்டேன். இனிமே கத்தி பண்ணப் போறேன்" என்றார் — என்னவோ 'வர வழியில கொத்தமல்லி வாங்கிண்டு வந்தேன்' என்கிற மாதிரி.

"கத்தியா? அதான் கடையில கிடைக்கறதே?"

"இது அந்தக் கத்தி இல்லை. கையால பண்றது. வெளிநாட்டுல இதைச் சேர்த்து வெச்சுக்கறவா இருக்கா."

ஸ்டாம்ப் சேர்ப்பவர்களை எனக்குத் தெரியும். தீப்பெட்டி அட்டை சேர்த்த ஒரு சித்தப்பா எனக்கே உண்டு. ஆனால் கத்தி? ஆமாம், இருக்கிறார்களாம். ஆசை ஆசையாக வாங்குவார்களாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அதை வைத்து ஒரு வெங்காயம்கூட நறுக்க மாட்டார்களாம்! கொடுத்து வைத்த கத்திகள்.

கிண்டியில் ஒரு நண்பரின் லேத் பட்டறையில் ஒரு மூலை கிடைத்தது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி, அடித்து, தேய்த்து, ஈட்டி மரத்தில் பிடி போட்டு, பித்தளை ஆணி அடித்து... உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தன. வாசலில் கோலம் போட்டுவிட்டு நின்று பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு கத்தியையும் தள்ளி வைத்துப் பார்த்து அவர் சிரித்துக்கொள்வார். வேலைக்குப் போய்வந்த காலத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

சரி, விற்பது எப்படி? இன்டர்நெட் என்று ஒன்று வந்திருக்கிறதே, அதில்தான்.

தி.நகரில் முருகேசன் என்பவர் ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கிறார். போன வருஷம் வரை அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஹையர், லோயர் என்ற போர்டை இன்னும் கழற்றவில்லை. கத்திகளின் படத்தை எடுத்துக்கொண்டு போனோம். மனிதர் பயந்துவிட்டார்.

"இன்னா சார், கத்தி படமா? நாளைக்கி போலீஸ் வந்தா என்னிய இல்ல இட்டுக்கினு போவான்?"

"இது அலங்காரத்துக்கு முருகேசன்" என்றேன்.

"குத்துனா அலங்காரம் இன்னா, அலங்கோலம் இன்னா மேடம்? ரத்தம் வராதா?"

நியாயமான கேள்விதான். ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, இன்டர்நெட்டில் எங்களுக்கென்று ஒரு பக்கம் போட வைத்தோம்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மயிலாப்பூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே போட்டோக்காரர் கல்யாணம், பூணூல் எடுக்கிறவர். சிவப்பு வெல்வெட் விரித்து, மேலே ரோஜா இதழ் தூவி, கத்தியை லேசாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, "மூஞ்சில ஷேடோ விழறது, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கோ" என்று எடுத்துக்கொடுத்தார். ஒவ்வொரு கத்தியும் ரிசப்ஷனுக்கு நிற்கிற பெண் மாதிரி இருந்தது. ஸ்கிரீனில் அந்தப் படம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பிடி வரும்... ஆணி வரும்... அதோடு லைன் கட்டாகும்.

"வந்துக்கினே கீது சார், அவசரப்படாதீங்கோ" என்பார் முருகேசன்.

கத்தி சேர்ப்பவர்கள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இன்டர்நெட்டில் இருந்தது. அங்கே எங்கள் பக்கத்தின் விலாசத்தைப் போட்டோம். இங்கிலீஷ் வர்ணனையெல்லாம் அடியேன். பதில்கள் வரத்தான் செய்தன. எல்லாம் ஒரே பதில். 'அருமையான வேலைப்பாடு. ஆனால் இப்போது மார்க்கெட் மந்தம். வாழ்த்துகள்.'

அமெரிக்காவிலிருந்து ஒருவர், இங்கிலாந்திலிருந்து ஒருவர், ஊர் பெயரே வாயில் நுழையாத ஒருவர்... எல்லோருக்கும் மார்க்கெட் மந்தம். பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'பொண்ணு லட்சணமா இருக்கா, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று கிளம்புகிற பிள்ளை வீட்டார்தான் என் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் அந்த வகை லெட்டர்களைப் பார்த்து வளர்ந்தவள். எனக்குப் பழக்கம். அவருக்குப் பழக்கமில்லை. முகம் வாடிப் போயிற்று.

இந்தச் சமயம் பார்த்துத்தான் என் அண்ணா ராஜாமணி நுழைந்தான். சேல்ஸ் ரெப்பாக ஊர் ஊராகச் சுற்றி, இப்போது கிண்டியில் சொந்தமாக பம்ப் உதிரி பாகம் செய்கிறான். தங்கை நடுத்தெருவில் நின்றுவிடுவாளோ என்று அவனுக்குக் கவலை.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன். பொங்கலுக்குள்ள ஒரு கத்தி... ஒரே ஒரு கத்தியை வெளி ஆள் ஒருத்தன் வாங்கட்டும். அப்பறம் நான் வாயே திறக்கலை. இல்லேன்னா தை பொறந்ததும் என் கம்பெனிக்கு வந்துடுங்கோ. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். என்ன சொல்றேள்?"

ஸ்டோர்ஸ் என்றால் என்ன தெரியுமா? ஜன்னல் இல்லாத ஒரு ரூமில் உட்கார்ந்துகொண்டு வாஷரும் கேஸ்கட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. இவர் மறுப்பார் என்று நினைத்தேன். "சரி" என்றுவிட்டார். சொன்னால் சொன்ன வாக்கைக் காப்பாற்றித் தொலைக்கிற மனுஷர் வேறு. எனக்கு ஒரே கவலை. அந்தச் சிரிப்பு போய்விடுமே என்றுதான்.

மார்கழி ஓடிக்கொண்டிருந்தது. மாட வீதியெல்லாம் கோலம், சபாவெல்லாம் கச்சேரி. முருகேசன் சென்டரில் மட்டும் மார்க்கெட் மந்தம். நம்பிக்கையை மூட்டை கட்டியாகிவிட்டது. அப்போதுதான் அந்த மெயில் வந்தது. பெயர் யூர்கன். தோல் தொழிற்சாலை மெஷின் விஷயமாகச் சென்னைக்கு வருகிறாராம். கத்திகளை நேரில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

பார்க்கலாமாவா? ஹாலுக்கு வெள்ளையே அடித்துவிட்டேன்!

இப்போது ஒரு குடும்ப ரகசியம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கத்தியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். கையில் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் சண்டை வரும். உங்கள் வீட்டிலும் சொல்வார்கள்தானே? எல்லோரும் சொல்வார்கள். இவர் கடைப்பிடிப்பார். வெண்டைக்காய் நறுக்கக் கத்தி கேட்டால் மேடையில் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, "ம், எடுத்துக்கோ" என்பார். அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லையா என்று கேட்காதீர்கள். சண்டைக்கு வேறு காரணங்கள் ஏராளம்.

யூர்கன் வந்தார். வாசல் கோலத்தை மிதிக்காமல் தாண்டி, ஷூவைக் கழற்றி... நல்ல மனிதர். அண்ணாவும் வந்திருந்தான், சாட்சிக்கு. என் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து முதல் கத்தியை எடுத்தார். யூர்கன் கையை நீட்டினார்.

இவர் அந்தக் கையைப் பார்த்தார். கத்தியைத் தரையில், விரித்திருந்த வேஷ்டி மேல் வைத்தார்.

டீப்பாய் மேல் வைத்திருக்கலாமே என்கிறீர்களா? டீப்பாய் கிண்டிப் பட்டறையில், கத்தி தேய்க்கிற சேவையில் இருந்தது.

யூர்கன் முழித்தார். பிறகு குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் கூர் பார்த்தார். திருப்பிக் கொடுக்க நீட்டினார். இவர் படக்கென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கீழே, கீழே. யூர்கன் மறுபடி குனிந்து வைத்தார். அடுத்த கத்தி. அதே குனிதல், அதே நிமிர்தல்.

அண்ணா பல்லைக் கடித்தான். "மாப்பிள்ளை! கையில குடுங்கோ! வெள்ளைக்காரனுக்கு என்ன சாஸ்திரம்?"

"யாரா இருந்தா என்ன? சண்டைன்னா சண்டைதானே?"

யூர்கன் முதுகைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உங்கள் கணவருக்கு இவற்றை விற்க இஷ்டமில்லையா?"

போச்சு! ஸ்டோர்ஸ் ரூம் என் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் நான் பதில் சொல்வதற்குள் அவரே மேலே பேசினார். "எனக்குப் புரிகிறது. இந்த மந்தமான மார்க்கெட்டில் மற்ற கத்திக்காரர்கள் நான் பையைக் கீழே வைப்பதற்குள் கையில் கத்தியைத் திணிக்கிறார்கள். இவருக்கோ என் கையில் கொடுக்கவே மனசு வரவில்லை. தான் செய்த கத்தி மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிற ஆளை நான் பார்த்ததில்லை."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணா எழுந்துவிட்டான்.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரத்தத்தில் ஊறிய சேல்ஸ்! கண் எதிரே ஒரு பார்ட்டி மடிகிறது என்றால் அவனால் சும்மா இருக்க முடியாது. தான் எந்தப் பக்கம் பந்தயம் கட்டினோம் என்பதே மறந்துபோயிற்று. இவர் கையிலிருந்த கத்தியை — இருந்ததிலேயே அழகான கத்தி அது — வெடுக்கென்று பிடுங்கினான்.

"கரெக்டாகச் சொன்னீர்கள் சார்! இதைக் கொடுப்பது என்றால் இவருக்கு உயிரைக் கொடுப்பது மாதிரி. ஆனால் உங்களுக்காக, உங்களுக்காக மட்டும்..." என்று இங்கிலீஷில் பொழிய ஆரம்பித்தான்.

"ஐயையோ! வைங்கோ, கீழ வைங்கோ!" என்று அலறினார் என் வீட்டுக்காரர். முகம் வெளுத்துவிட்டது. அதையும் பாசக் கணக்கில் சேர்த்துக்கொண்டார் யூர்கன். கண் கலங்கிவிடுவார் போலிருந்தது. "இதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

விற்றுவிட்டது! பொங்கலுக்குள்! எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

"கௌரி" என்றார் இவர் மெதுவாக. "அவர் தப்பாப் புரிஞ்சுண்டிருக்கார். பாசமாவது ஒண்ணாவது. நான் ஏன் கையில குடுக்கலைன்னு சொல்லிடு."

"சொன்னே, தொலைச்சுடுவேன்!" என்றான் அண்ணா, யூர்கனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வாயை மூடிக்கொண்டால் கத்தி விற்கும். ஆனால் இந்த மனுஷர் ராத்திரி தூங்க மாட்டார். என்னையும் தூங்க விட மாட்டார். கற்பகாம்பாள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுச் சொன்னேன். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வருமாம், அதனால்தான், வேறொன்றும் இல்லை.

அண்ணா கூரையைப் பார்த்தான்.

"என்ன சண்டை?" என்று கேட்டார் யூர்கன்.

இவரே பதில் சொன்னார், டூல் ரூம் இங்கிலீஷில். ஊருக்குப் போனதும் கூர் போதவில்லை என்று நீங்கள் எழுதுவீர்கள். தீட்டத் தெரியாதா என்று நான் பதில் எழுதுவேன். நீங்கள் இன்னொன்று எழுதுவீர்கள். அப்படித்தான் சார் ஆரம்பிக்கும்.

யூர்கன் இவரையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "போன தடவை நான் கத்தி வாங்கிய ஆளிடம் அப்படியேதான் நடந்தது. இருபது வருஷ சிநேகிதன். இப்போது பேசிக்கொள்வதில்லை." கொஞ்சம் யோசித்தார். "அவன் கையில்தான் கொடுத்தான்."

சொல்லிவிட்டுச் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்ணாவிடம், "அதைக் கீழே வையுங்கள்" என்றார். அண்ணா வைத்தான். கை விலகும் வரை காத்திருந்து, பயபக்தியோடு எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! அதற்காக ஹாலுக்கு இன்னொரு தடவைகூட வெள்ளையடிக்கலாம்.

யூர்கன் ஊருக்குப் போய் அந்தக் கத்திக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். இப்போது மெயில் வருகிறது. 'எனக்கு ஒன்று வேண்டும். பார்சல் கட்டுவதற்கு முன்னால் கட்டாயம் தரையில் வைத்து எடுக்கவும்.' மந்தமான மார்க்கெட்டில் மந்தமாகத்தான் வருகிறது. ஆனால் வருகிறது. "ஜேஜேன்னு கீது சார் உங்க பேஜ்" என்கிறார் முருகேசன், போலீஸ் பயமெல்லாம் தெளிந்து.

எல்லாம் சுபம் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அண்ணா வாக்குத் தவறவில்லை. ஸ்டோர்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் கனுப்பொங்கலன்று சாப்பிட வந்தவன், "வித்துக் குடுத்தது நான்தானே, இனிமே சேல்ஸ் என் பொறுப்பு" என்று ஆரம்பித்தான். "உங்களை யார் கேட்டா?" என்றார் இவர். "நான் பேசலேன்னா அந்த ஜெர்மன்காரன் ஓடியிருப்பான்!" "நீங்க பேசினதால ஓடப் பார்த்தான்!" சர்க்கரைப் பொங்கல் அப்படியே இருக்க, இலையை விட்டு எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் தூது போய்வந்து என் செருப்புத்தான் தேய்கிறது.

"இதெல்லாம் நன்னாவா இருக்கு?" என்று நேற்று இவரிடம் கேட்டேன்.

"நான் என்ன பண்றது? கையிலேர்ந்து பிடுங்கினது யாரு?" என்றார்.

எனக்கு இந்தச் சாஸ்திரத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அண்ணா வந்தால், காபி டம்ளரைக்கூட இப்போது கீழேதான் வைக்கிறேன்.