வெட்டுப்பட்ட கேள்வி

பிரித்தானியப் பொதுத் தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையில ஓடின காலத்தில நான் அங்க விவரணப்படம் எடுத்தவள். சாறி உடுத்த பெட்டை கமராவுக்குப் பக்கத்தில நிண்டால், தேத்தண்ணி கொண்டந்தவள் எண்டு நினைச்சு வெறுங்கோப்பையை நீட்டுவாங்கள். வாங்கிக் கீழ வைச்சிட்டு, "இனிப் படம் எடுப்பமோ?" எண்டு கேப்பன். அந்த வாய் இன்னும் போகேல்லை. இப்ப ரொறன்ரோவில, டோர்செட் பார்க்கில ஒரு அடுக்குமாடியின்ர மேல்மாடியில இருக்கிறன். லிப்ற் பழுதெண்டால் கட்டடப் பொறுப்பாளர் என்ர குரலைக் கேட்டே ஒளிச்சிடுவார்.

போன மாரியில ஒரு தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் கோல் எடுத்தார். லண்டன் தொழிற்சாலையில வேலைசெய்த எங்கட ஆக்களைப் பற்றி நான் எடுத்த பழைய படத்தைத் துப்பரவாக்கி, இஞ்ச பக்கத்தில வெக்ஸ்போர்ட்டில ஒரு மண்டபத்தில காட்டப் போகினமாம். சந்தோசமாத்தான் கிடந்தது. பிறகு கொப்பி அனுப்பினார். பார்த்தன், பத்திக்கொண்டு வந்தது.

அதில மன்னார் ஆள் ஒருத்தர் வாறார். மெசினுக்குள்ள கை போய் விரலெல்லாம் இழந்த மனிசன். கை போகாமல் மெசினை மூடுற காவல் தகட்டைத் தானே கழட்டினவர் எண்டு சொல்லிக் கொம்பனி அவரை வேலையால நிப்பாட்டினது. நான் கமராவுக்குப் பக்கத்தில நிண்டு தமிழில ரெண்டு கேள்வி கேட்டன். ரெண்டுக்கும் அவர் ஓம் எண்டார். எங்கட பேச்சில ஓம் எண்டால் ஆமாம், அவ்வளவுதான். என்ர மேலதிகாரி, எடுக்கிறவளின்ர குரல் படத்தில கேக்கக்கூடாதெண்டு என்ர கேள்விகளின்ர சத்தத்தை மட்டும் வெட்டிப்போட்டு, அந்த இடத்தில ஆங்கிலத்தில ஒரு வர்ணனையை ஏத்தினார். வேதனையில இந்த மனிதர் ஓம் ஓம் எண்டு மந்திரம் ஓதுகிறாராம். ஆள் கத்தோலிக்க வேதக்காரன், கழுத்தில செபமாலை கிடக்கு. அண்டைக்கு நான் கத்தின கத்து அந்த மாடி முழுக்கக் கேட்டது. படம் அப்பிடியேதான் போனது.

இப்ப ரொறன்ரோவில புதுசா அடிச்ச தமிழ் சப்ரைட்டிலும் 'மந்திரம் ஓதுகிறார்' எண்டுதான் சொல்லுது. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியிருக்கினம், காதைக் குடுத்துக் கேக்கேல்லை. செயலாளருக்கு எடுத்தன்.

"அன்ரி, ஃபைல் லொக் பண்ணியாச்சு. சின்ன விசயம்தானே, அடுத்தமுறை பாப்பம்."

"உது சின்ன விசயமோ? அந்த மனிசன்ர வாயை ரெண்டாந்தரம் பொத்திறியள்."

"ஹோல்ல வந்து பிரச்சினை பண்ணிப்போடாதையுங்கோ, பிளீஸ்."

அவர் அப்பிடிச் சொன்ன பிறகுதான் பிரச்சினை பண்ணுறதெண்டு முடிவெடுத்தன்.

மன்னார்க்காரர் இப்ப உயிரோட இல்லை. மகள் இஞ்சதான், ரெக்ஸ்டேலில இருக்கிறா, அவவுக்கே பேரப்பிள்ளையள். படத்துக்கு முதல்நாள் எனக்கு எடுத்தா. "அன்ரி, அப்பா தன்ர எண்ணத்துக்குக் கழட்டிப்போட்டுக் கையைக் குடுத்தவரெண்டு சொந்தக்காரர் இண்டைக்கும் சொல்லுகினம். அவர் இல்லை இல்லையெண்டு சொல்லியும் ஒருத்தரும் நம்பேல்லை. அம்மாகூட நம்பாமல்தான் செத்தவ. உண்மையில என்ன நடந்தது?"

"நாளைக்கு வாரும் பிள்ளை," எண்டன். "அப்பாட்டையே கேப்பம்."

முன்வரிசையில ரெண்டுபேரும் பக்கத்தில பக்கத்தில இருந்தம். அந்த இடம் வந்தது. திரையில அவர் நான் நிண்ட பக்கமாப் பார்த்துக்கொண்டு, கேள்விக்குக் காதைக் குடுத்தபடி இருக்கிறார். வர்ணனை தொடங்க நான் எழும்பினன். இத்தினை வருசத்தில அந்தக் கேள்வியில ஒரு சொல்லுக்கூட நான் மறக்கேல்லை. வர்ணனைக்கு மேலால முழுக்குரலில கேட்டன்.

"தகட்டைக் கழட்டச் சொன்னது மனேஜரோ?"

"ஓம்," எண்டார் அவர்.

"கழட்டாட்டி வேலை இல்லையெண்டு சொன்னவரோ?"

"ஓம். ஓம்."

செயலாளர் ஓடிவந்து, "அன்ரி, இருங்கோ" எண்டு என்ர கையைப் பிடிச்சார். உதறிவிட்டன். பின்னால ஆரோ விசர்க்கிழவி எண்டது கேட்டது. சொல்லட்டும்.

மகள் எழும்பி நிண்டா. முகம் முழுக்கக் கண்ணீர், ஆனால் குரல் நடுங்கேல்லை. "திரும்பப் போடுங்கோ," எண்டு செயலாளருக்குச் சொன்னா. பிறகு என்ர பக்கம் திரும்பி, "அன்ரி, நீங்களும் திரும்பக் கேளுங்கோ" எண்டா.

முதல் கேட்டதிலும் பார்க்கப் பலமாக் கேட்டன்.