வழுக்கியது என் கால் இல்லை, பெடல் ரப்பர்

போன வியாழக்கிழமை, மன்னார்புரம் சிக்னலில்...

முன்னால் போன டவுன் பஸ் நின்றது. நானும் காரின் பிரேக்கை மிதித்தேன். கால் பெடலில் நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

பக்கத்து சீட்டில் என் மகள். பத்தாவது படிக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. (அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.)

வீட்டுக்கு வந்ததும் பேசினாள். என்னிடம் இல்லை, ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவள் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம்.

வீடியோ காலில் தீர்ப்பு வந்தது.

"வண்டில ஒண்ணும் இல்ல. போன வாரம் கெளம்புறதுக்கு முன்னாடி நான்தானே ஓட்டிப் பாத்தேன். ஒனக்குத்தான் கால் நிதானம் பத்தல."

"நாலு வருஷமா இருந்த நிதானம் இன்னைக்கு எங்க போச்சு மச்சான்?" (எங்கள் வீட்டில் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.)

"புள்ளைய வச்சுக்கிட்டு ரிஸ்க் வேணாம். வித்துடலாம். காட்டூர்ல ஒருத்தர் சின்ன வண்டி கேட்டுட்டு இருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

நான் எடமலைப்பட்டி புதூரில் பிளவுஸ் தைக்கிறேன். பாதி கஸ்டமர் ஸ்ரீரங்கத்தில். ஆரி வேலை போட்ட கல்யாண பிளவுஸை மடித்துப் பையில் திணித்து பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, பின் சீட்டில் விரித்துத்தான் வைக்க வேண்டும். வண்டி போனால் அந்த வேலையும் போகும்.

வெள்ளிக்கிழமை காலை டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டேன்.

பிரேக் பெடலின் ரப்பரில் கோடு கோடாக இருக்க வேண்டும். வலது பக்கம் கோடே இல்லை, மொழுமொழு என்று இருந்தது. கிளட்ச் இன்னும் மோசம். ஒரு மூலை கிழிந்து உள்ளே இரும்பு தெரிந்தது.

சரி, தேய்மானம். அது என் தப்புதான், நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட குனிந்து பார்த்ததில்லை.

ஆனால் தேய்ந்த ரப்பர் ஒரே வாரத்தில் இப்படி வழுக்குமா? கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் வழுக்கியது. எடுத்தால் பளபளப்பு. மோந்து பார்த்தால் ஸ்ட்ராபெரி வாசனை.

புரிந்துவிட்டது.

லீவு முடிந்து கிளம்புகிற அன்று, விமானத்துக்கு முன்னால் மச்சான் செய்த கடைசி வேலை: ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த ஸ்ட்ராபெரி வாசனை பாலிஷ் ஸ்ப்ரேயை வண்டி முழுக்க அடித்தது. டேஷ்போர்டு, கதவு, டயர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பெடலுக்கும் அடித்தார். அங்கே ஓடுகிற வண்டி மாதிரி நம் வண்டியும் மின்ன வேண்டுமாம்.

வழுக்கைத் தலையில் எண்ணெய் தடவிய கதை. ஒரு வாரமாகவே கால் லேசாக நழுவியது, நான் புதுச் செருப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ரப்பரையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பாலக்கரைக்கு பஸ் ஏறினேன். (லைனிங் துணி வாங்கப் போனாலும் சாம்பிள் இல்லாமல் போக மாட்டேன்.)

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மெக்கானிக் வரலையாம்மா?"

"நான்தாண்ணே மாட்டப்போறேன்."

"அப்ப அலுமினியத்துல தரவா? ஸ்டைலா இருக்கும்."

"ஸ்டைலு வேணாம்ணே. கால் நிக்கணும். கம்பெனி ரப்பரே குடுங்க."

சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார். "மாட்டுறப்ப எண்ணெய் கிண்ணெய் போட்டுடாதீங்கம்மா. சோப்புத் தண்ணி போதும், காஞ்சுரும்."

முதலில் பெடல் இரும்பைச் சோப்பு போட்டுத் தேய்த்துத் துடைத்தேன். புது ரப்பரின் பின்பக்கம் சுற்றிலும் ஒரு உதடு மாதிரி மடிப்பு இருக்கும். தலையணைக்கு உறை போடுகிற வேலைதான், தலையணை இரும்பு என்பது மட்டும் வித்தியாசம். மேல் பக்கத்தை மாட்டி, கீழ்ப் பக்கத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பி இழுத்தேன்.

கிளட்ச் ஐந்து நிமிஷம். பிரேக்கில் ஒரு மூலை மடிப்பு உள்ளே சுருண்டுகொண்டது. மேலே பார்த்தால் தெரியாது, பின்னால் விரல் விட்டால்தான் தெரியும். கழற்றி மறுபடி போட்டேன். (கோணல் தையலைப் பிரிக்க அலுத்துக்கொண்டால் நான் தொழிலே செய்ய முடியாது.)

நன்றாகக் காயவிட்டு, முறுக்கி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. காலித் தெருவில் மெதுவாக ஓட்டிப் பத்துத் தடவை பிரேக் போட்டேன். பத்துத் தடவையும் கால் நின்றது.

பழைய ரப்பரையும் ஸ்ப்ரே டப்பாவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். ஒரு வரி எழுதவில்லை.

நீல டிக் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காட்டூர்க்காரர் வந்துவிட்டார். மச்சான் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

அவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். நான் மச்சானுக்கு வீடியோ கால் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், பிரேக்கு கில்லி மாதிரி நிக்குது. இன்னைக்கே எடுத்துக்கறேன். பெடல் ரப்பர்லாம் புதுசா இருக்கே, யாரு சார் உங்க மெக்கானிக்?"

என் நல்ல வேலையே எனக்கு வினையாகிவிட்டது.

மச்சான்தான் பதில் சொன்னார்.

"போனப் புடிச்சுட்டு நிக்கிறாங்கள்ல, அவங்கதான் சார்." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க சார், உங்கள அலைய விட்டுட்டேன். வண்டி விக்கல. ஓட்டத் தெரிஞ்சவ வீட்ல இருக்கா."

நான் போனை முகத்துக்கு நேராகத் திருப்பவில்லை. கண் கலங்கியதை அவர் பார்க்க வேண்டாம்.

காட்டூர்க்காரர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வாசலில் நின்ற அவருடைய பழைய வண்டியின் கதவைத் திறந்தார்.

"தங்கச்சி, இதையும் கொஞ்சம் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். கிளட்சில் பாதி இரும்பு.

உங்கள் வண்டியில் எப்படி?